தெற்கே மூன்றரை வருஷம்

"இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க என்னவா இருக்கணும்னு பிளான் வெச்சிருக்கீங்கண்ணா?"

கேட்ட பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. மேசையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில், ஒரு லேப்டாப், முழங்கை உயரத்துக்கு விண்ணப்பங்கள். வில்லியனூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடந்துகொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கே வரிசை கல்லூரி கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது. முப்பத்தேழு கம்பெனிகள் வருவதாகப் போஸ்டரில் போட்டிருந்தார்கள். வந்தது பத்தொன்பது. புகழ்வேந்தன் இரண்டரை மணி நேரம் நின்று இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்திருந்தான். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு வயது முப்பத்து நாலு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்னவாக இருந்தாய் என்று கேட்டிருந்தால் நிறுத்தாமல் சொல்லியிருப்பான்.

"ஒரே எடத்துல வேல செய்யணும் மேடம்," என்றான்.

"சூப்பர்ண்ணா." அவள் எதையோ தட்டினாள். "எக்ஸ்பீரியன்ஸ் பத்து வருஷம்னு போட்டிருக்கீங்க. லெட்டர் இருக்கா?"

பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து, தொலையாமல் மிஞ்சிய நாலு அடையாள அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தான். நாலிலும் அவன் முகம். முதல் அட்டையில் மீசை அரும்பு, கடைசி அட்டையில் நெற்றி ஏறியிருந்தது. நாலிலும் வேறு வேறு கம்பெனிப் பெயர்கள்.

"இதெல்லாம் வேற வேற கம்பெனியா இருக்கேண்ணா."

"கம்பெனி ஒண்ணுதான் மேடம். மெஷின்கூட ஒண்ணுதான். காண்ட்ராக்ட் எடுக்கறவருதான் மாறுவாரு."

அது உண்மை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்த கையோடு சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்தான். வாஷிங் மெஷினுக்கு மூடி, குழாய், சக்கரம் எல்லாம் அங்கே வார்ப்பார்கள். பதினோரு மாதம் வேலை, பன்னிரண்டாவது மாதம் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு புது அட்டை கொடுத்துப் புது ஆளாக எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தான் என்று எந்தக் காகிதமும் சொல்லிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பத்து வருஷத்தில் பத்து தடவை புது ஆளாகச் சேர்ந்தவன் அவன். ஊரடங்கில் கம்பெனி மூடியது. திறந்தபோது வேறு மாநிலத்தில் திறந்தார்கள்.

"நாங்க இருபத்தாறு வயசு வரைக்கும்தான் எடுக்கறோம்ணா," என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் வருத்தத்தோடேயே. "உங்க புரொஃபைல வெச்சிக்கறேன். எதனா வந்தா கூப்புடுவாங்க."

வெளியே வேப்பமரத்தடியில் பிரிட்டோ நின்றிருந்தான். அதே கம்பெனியில் அதே மெஷினில் அடுத்த ஷிப்ட் பார்த்தவன். வில்லியனூரில் மாதா கோயில் பக்கத்தில் வீடு. இப்போது பெயிண்ட் அடிக்கப் போகிறான். நகக்கண்ணில் எந்நேரமும் ஏதாவதொரு நிறம் இருக்கும்.

"இன்னாடா, மேனேஜரா போட்டுட்டாங்களா?"

"பிளான் கேட்டா."

"இன்னா பிளானு?"

"அஞ்சு வருஷத்துக்கு."

"மத்தியான சோத்துக்கே பிளான் இல்லாம நிக்கறோம்." பிரிட்டோ மரத்தை விட்டு நிமிர்ந்தான். "எனக்கு ஒரு ஆஃபர் வந்துச்சு. வூடு வூடா சாப்பாடு கொண்டு போற வேல. வண்டி என்னுது, பெட்ரோல் என்னுது, பை மட்டும் அவனுது. அந்தப் பைக்கும் முன்பணம் கட்டணுமாம்."

அப்போதுதான் பிரிட்டோவின் செல்போனுக்கு அந்த அறிவிப்பு வந்தது. ஐ.டி.ஐ. வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். புதுச்சேரி அரசுத் துறை ஒன்றில் பம்ப் ஆபரேட்டர், இருபத்தாறு இடங்கள். ஐ.டி.ஐ. படிப்பு, நூறு மார்க்குக்கு எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. வயது முப்பத்திரண்டு, பிற்பட்டோருக்கு மூன்று வருஷம் தளர்வு.

புகழ்வேந்தன் போனை வாங்கி இரண்டு தடவை படித்தான். அக்டோபர் பதினாலாம் தேதி அவனுக்கு முப்பத்தைந்து முடிகிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை முப்பது. இதே வேலைக்கு முன்பு ஆள் எடுத்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அப்போது அவன் எழுதவில்லை. கம்பெனியில் இருபது பேரை நிரந்தரம் செய்யப் போகிறார்கள், லிஸ்டில் உன் பெயர் ஏழாவது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"இதுல போவலன்னா எனக்கு அவ்ளோதாண்டா," என்றான்.

"போவலாம். எனக்கும் சேத்து நீதான் படிக்கணும்."

பாகூரிலிருந்து மேற்கே ஆறு கிலோமீட்டரில் புகழ்வேந்தனின் ஊர். கம்பெனி போன பிறகு அவன் செய்யாத வேலை இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறினான், தேங்காய் லாரியில் லோடு ஏற்றினான், ஆறு மாதம் பங்க்கில் பெட்ரோல் போட்டான். கடைசியில் கையோடு ஒட்டியது மோட்டார் ரிப்பேர். கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். போர்வெல்லில் மோட்டார் சிக்கினாலும், உள்ளே சுருள் கம்பி எரிந்தாலும் புகழைத்தான் கூப்பிடுவார்கள். மாதத்தில் பத்து நாள் கூப்பிட்டால் அது நல்ல மாதம். அவன் மனைவி மகாலட்சுமி ஒரு தையல் கம்பெனியில் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். குடும்பம் அந்தக் காலரில்தான் தொங்கியது.

பம்ப் என்றால் அவனுக்குச் சொல்லித் தர ஆள் வேண்டியதில்லை. ஆனாலும் பழைய ஐ.டி.ஐ. புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினான். சாயங்காலம் நாலு மணிக்கு பிரிட்டோ பைக்கில் வந்துவிடுவான். ஊர் மேல்நிலைத் தொட்டியின் நிழலில் கீத்துப்பாயைப் போட்டு உட்காருவார்கள்.

"பம்ப் ஓடுது. தண்ணி வரல. மொதல்ல இன்னா பாப்ப?"

"கரண்டுக்காரனத் திட்டுவேன்."

"கரண்டு இருக்குடா. பம்ப் ஓடுது."

"அப்ப உன்னக் கூப்புடுவேன்."

"நாந்தாண்டா உன்னக் கேக்கறேன்."

"ஃபுட் வால்வு," என்பான் பிரிட்டோ சலிப்போடு. "அடி வால்வு ஒழுவும், பைப்புல காத்துப் பூந்துக்கும். தண்ணி ஊத்தி காத்த வெளிய எடுக்கணும். போதுமா?"

மகாலட்சுமி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள். "கெவர்மென்ட் வேலன்னா எந்த ஊர்ல போடுவாங்க?"

"புதுச்சேரிக்குள்ள எங்க வேணா போடலாம். இந்தத் தொட்டிக்கேகூடப் போடலாம்."

அவள் தலையை உயர்த்தி அந்தத் தொட்டியைப் பார்த்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற தொட்டிதான்.

விண்ணப்பத்தோடு ஐந்து சான்றிதழ்களை ஏற்ற வேண்டும். நாலு கையில் இருந்தன. ஐந்தாவது, புதுச்சேரியில் ஐந்து வருஷம் தொடர்ந்து குடியிருந்ததற்கான சான்று. அதை வாங்கக் கிராம நிர்வாக அலுவலர் மணவாளனிடம் போனான். போகும்போது பயம் எதுவும் இல்லை. பிறந்த வீட்டிலேயே இருக்கிறவனுக்கு அது ஒரு கையெழுத்து வேலை.

மணவாளன் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"தம்பி, ரேஷன் கார்டு நடுவுல எங்க வெச்சிருந்த?"

அப்போதுதான் அவனுக்கு அந்தப் பழைய மனு ஞாபகம் வந்தது.

அந்த ஊரின் அமைப்பைச் சொன்னால்தான் இது விளங்கும். ஊர் நடுவே ஒரு தார் ரோடு. ரோட்டுக்கு வடக்கே இருக்கும் வீடுகள் புதுச்சேரி, தெற்கே இருக்கும் வீடுகள் தமிழ்நாடு, கடலூர் மாவட்டம். ஒரே மாரியம்மன், ஒரே சுடுகாடு, இரண்டு அரசாங்கம். மகாலட்சுமி தெற்கு வரிசைப் பெண். பெண்ணழைப்புக்குக் கார் வைத்திருந்தார்கள். நாற்பது அடி ரோட்டைத் தாண்ட காரா என்று அவள் இறங்கி நடந்தே வந்துவிட்டாள். இந்த ரோட்டுக்காரர்களுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. எந்தப் பக்கம் எது சல்லிசோ அதை அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வார்கள். வண்டிக்குப் பெட்ரோல் வடக்கே. மற்றதெல்லாம் அந்தந்தக் காலத்துக்குத் தக்கபடி.

இரண்டாவது ஊரடங்கு சமயம். கம்பெனி போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்த வருஷங்கள் அவை. அரிசிக்குப் பதிலாகப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும். ஏறின கையோடு பைக் தவணைக்குப் போய்விடும். எதிர் வரிசையில் மாமியார் அமிர்தம் மூட்டையில் அரிசி வாங்கி வருவாள். ஒருநாள் ரோட்டைத் தாண்டி வந்து சொன்னாள்.

"மாப்ள, பணத்தத் தின்ன முடியுமா? இந்தப் பக்கம் எங்க வூட்டு அட்ரசுல ஒரு கார்டு போட்டுக்குங்க. உங்க வரிசைல பாதி பேரு அப்படித்தான் கீறாங்க."

அது பொய்யில்லை. அப்படி மாற்றியவர்கள் வடக்கு வரிசையிலேயே ஒன்பது வீடு. கார்டு மாற்ற வேண்டுமானால் இந்தப் பக்கத்துக் கார்டை ஒப்படைக்க வேண்டும், காரணம் எழுதித் தர வேண்டும். எப்படி எழுதுவது என்று கேட்டபோது, ஆபீஸ் க்யூவில் முன்னால் நின்ற ஒருவர் தன் மனுவைக் காட்டினார். அதைப் பார்த்துப் புகழ்வேந்தன் அப்படியே எழுதினான்.

அந்த மனுவைத்தான் இப்போது மணவாளன் திரையில் திறந்து காட்டினார். அவனுடைய கையெழுத்து. ஐ.டி.ஐ.யில் படம் வரைந்து பழகிய, சாயாத, அழகான கையெழுத்து. 'நான் என் குடும்பத்துடன் கடலூர் மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டதால்' என்று தொடங்கியது. பத்து வருஷம் கம்பெனியில் காத்திருந்தும் அவன் பெயருக்குப் பக்கத்தில் வராத சொல் அந்த 'நிரந்தரம்'. ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது. எழுதியவனும் அவனே.

போன டிசம்பரில்தான் கார்டைத் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்தான். கடைகளும் திறந்துவிட்டன, மகளைப் பள்ளி மாற்றவும் அது தேவைப்பட்டது. ஆக, காகிதத்தில் மூன்றரை வருஷம் அவன் தெற்கே இருந்திருக்கிறான்.

"சார், நான் ஒரு ராத்திரிகூட அந்தப் பக்கம் படுத்ததில்ல."

"தெரியும் தம்பி. உன் கல்யாணத்துல பந்தியில ஒக்காந்து சாப்ட்டவன் நான்."

"அப்பறம் இன்னா சார்?"

"எனக்குத் தெரிஞ்சா பத்தாது." மணவாளன் குரலைத் தாழ்த்தினார். "நேட்டிவிட்டி கேளு, இந்த நிமிஷம் எழுதித் தரேன். உங்கப்பன் பக்கிரி, அவுங்கப்பன் எல்லாம் இந்த மண்ணுதான். இவங்க கேக்கறது ரெசிடென்ஸ். தொடர்ச்சியா அஞ்சு வருஷம். நான் ஆமான்னு எழுதி, நாளைக்கு எவனாவது உன் மேல போட்டிக்கு இந்த மனுவ எடுத்துக் காட்டினான்னு வெச்சிக்கோ, உனக்கு வேலையும் போவும், கேசும் வரும். எனக்குப் பென்ஷன் போவும்."

அதற்குப் பிறகு பதினெட்டு நாளில் அவன் ஐந்து தடவை தாலுகா ஆபீஸ் போனான். பள்ளி திறக்கும் காலம். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று பிள்ளைகளும் பெற்றவர்களும் படிக்கட்டு வரை நின்றார்கள். கட்டைப்பை நிறைய காகிதங்கள் கொண்டுபோனான். மணவாளன் எழுதித் தந்த நேட்டிவிட்டி, கரண்டு பில், மகளின் தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிச் சீட்டு, வீட்டு வரி ரசீது. அதிகாரி பொறுமையாகத்தான் பார்த்தார். கரண்டு பில் செத்துப்போன அப்பா பெயரில் இருந்தது. வரி ரசீதும் அப்படியே. அப்பா இன்னும் வடக்கே குடியிருக்கிறார் என்றுதான் அவை சொல்லின.

"நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேப்பா," என்றார் அதிகாரி.

அவன் காகிதங்களைத் திரும்பக் கட்டைப்பையில் அடுக்கினான்.

ஜூலை முப்பதாம் தேதி சாயங்காலம் பாகூரில் செல்வகுமாரியின் நெட் சென்டரில் உட்கார்ந்திருந்தான். பிரிட்டோவின் விண்ணப்பம் ஒரு வாரத்துக்கு முன்பே போய்விட்டது. அவன் ரேஷன் கார்டை மாற்றாதவன். 'அரிசிக்காக அட்ரஸ மாத்தறீங்களே' என்று அப்போது கேட்டவனைப் பைத்தியக்காரன் என்று சொன்னது புகழ்வேந்தன்தான். ஆறு மணியோடு இணையதளம் மூடிவிடும். ஐந்தே முக்காலுக்குச் செல்வகுமாரி நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணா, அந்த எடத்துல நேட்டிவிட்டியவே ஏத்திப் பாக்கட்டுமா? ஏத்துக்கிச்சுன்னா ஏத்துக்கட்டும்."

"ஏத்துக்குமா?"

"அதுக்குப் படிக்கவா தெரியும்? பிடிஎஃப் இருந்தாப் போதும்."

ஏற்றுக்கொண்டது. விண்ணப்ப எண் வந்தது. அதை அவன் சிகரெட் அட்டை அளவுக்கு அச்செடுத்து பர்சில் வைத்துக்கொண்டான். தவறான காகிதம் என்று தெரியும். ஆனாலும் எண் வந்துவிட்டது. ஒருவேளை யாரும் பார்க்காமல் போகலாம், ஒருவேளை பார்ப்பவர் அவனைப் போல ஒரு ரோட்டோரத்து ஆளாக இருக்கலாம். மனுஷனுக்கு ஒருவேளை என்ற சொல் எத்தனை நாள் சாப்பாடு போடும்? அவனுக்குப் பத்தொன்பது நாள் போட்டது. அந்தப் பத்தொன்பது நாளும் தொட்டி நிழலில் பாய் விரிந்தது. பிரிட்டோ சூத்திரங்களை மறந்தான், புகழ் திட்டினான், மறுபடி சொல்லித் தந்தான். தன் பாடத்தை முடித்துவிட்டு அடுத்தவன் பாடத்தையும் முடிக்கிற வேகம் அவனுக்கு வந்திருந்தது.

ஹால் டிக்கெட் வந்த அன்று இருவரும் சேர்ந்துதான் திறந்தார்கள். பிரிட்டோவுக்குப் படத்தோடு வந்தது. புகழ்வேந்தன் எண்ணைப் போட்டதும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. குடியிருப்புச் சான்று இணைக்கப்படாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பிரிட்டோ போனை அணைத்துப் பையில் போட்டான். "நெட்டு சரியில்ல, காலைல பாக்கலாம்," என்றான்.

"எழுத்து நல்லாத்தாண்டா தெரிஞ்சுது," என்றான் புகழ்வேந்தன்.

வீட்டில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மகாலட்சுமிக்குச் சொல்லவும் தேவையிருக்கவில்லை. மூன்று நாள் அவன் மாமியார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அமிர்தம் மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். அவன் ரசம் ஊற்றிச் சாப்பிட்டான். நாலாம் நாள் காலை, தையல் கம்பெனி வேன் வருவதற்குக் கால்மணி நேரம் முன்னால், மகாலட்சுமி டிபன் டப்பாவை மூடாமல் நின்றாள்.

"எங்கம்மா வூட்டு அட்ரசால போச்சுன்னு நெனச்சிக்கினு இருக்கற."

"நான் இன்னா சொன்னேன்?"

"சொல்லலியே. அதான். சொல்லிட்டா நான் ஒண்ணு சொல்லுவேன், முடிஞ்சிடும்."

"வேன் வரப் போவுது, கெளம்பு."

"அந்த அரிசிய நீயும் தின்ன, நானும் தின்னேன், பாப்பாவும் தின்னா. அப்ப வேற இன்னா தின்னிருப்போம்? சொல்லு. நீதான் கணக்கு நல்லாப் போடுவியே."

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான். போட்ட பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. வாசலிலேயே நின்றான்.

"திருப்பூர் போலாமா?" என்றாள் மகாலட்சுமி, இப்போது வேறு குரலில். "கம்பெனில ஒரு அக்கா கூப்புடறா. எனக்கு அங்க மெஷின் கெடைக்கும். உனக்கும் எதனா கெடைக்கும்."

"அங்க போனா மறுபடி அட்ரஸ் மாறும்," என்றான்.

சொன்ன பிறகுதான் அதில் ஒரு பொருளும் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. அட்ரஸைக் காப்பாற்றி வைத்து இனி எந்த வேலைக்கு எழுதப் போகிறான்? வேன் ஹாரன் அடித்தது. அவள் டப்பாவை மூடிக்கொண்டு போனாள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்ததை, வேன் திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் பிரிட்டோ வந்தான். கையில் புத்தகம் இல்லை.

"பரீட்சைக்கு நானும் போவல. இன்னாத்துக்கு? எனக்கு ஒண்ணும் ஏறல. நீ எழுதறன்னுதான் நானும் எழுதறேன்னேன்."

"அறஞ்சிடுவேன். ஒக்காரு."

"புகழு..."

"ஒக்காருடா. புக்கு இல்லன்னா பரவால்ல. பம்ப் ஓடுது, தண்ணி வருது, ஆனா பம்ப்பு அதிருது. கல்லு உருள்ற மாதிரி சத்தம் வருது. இன்னா?"

பிரிட்டோ பாயில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "கேவிடேஷன். தண்ணில குமிழி கட்டி உள்ளயே ஒடையுது," என்றான் தரையைப் பார்த்தபடி.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில். பிரிட்டோ பின்சீட்டில் சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டு வர, புகழ்வேந்தன்தான் பைக்கை ஓட்டினான். கேட்டில் பெல்ட், வாட்ச், செல்போன் எல்லாவற்றையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். இருபத்தாறு இடத்துக்கு எத்தனை பேர் வந்தார்களோ, தெருவே அடைத்துக்கொண்டிருந்தது. கதவு மூடிய பிறகு வெளியே அம்மாக்கள், அப்பாக்கள், கைக்குழந்தையோடு மனைவிகள். துணையாக வந்தவர்களுக்கு ஒரு முகம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அவன் முகம் மட்டும் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். இளநீர்க்காரர் அவனைப் பார்த்து, "லேட்டா வந்துட்டியாப்பா, உள்ள உடலியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கூட வந்தேன்."

பன்னிரண்டரைக்கு பிரிட்டோ வெளியே வந்தான். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"அந்தக் கேள்வி வந்துச்சுடா. பம்ப் ஓடுது, தண்ணி வரல. நாலு ஆப்ஷன். நாலுலயும் உன் பேரு இல்ல."

இருவரும் சிரித்தார்கள். பிரிட்டோ முதலில் நிறுத்தினான். வினாத்தாளை நாலாக மடித்து அவனிடம் நீட்டினான். "எடுத்துனு போலாம்னாங்க. எனக்கு வேணாம். பாத்தா இன்னும் பயமாத்தான் இருக்கும்."

மறுநாள் பிற்பகல், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், புகழ்வேந்தன் அந்த வினாத்தாளோடு தொட்டிக்கடியில் உட்கார்ந்தான். போனில் இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்தான். பிரிட்டோ பேனாவால் போட்டிருந்த குறிகள் கண்ணில் படாதபடி ஓரத்தை மடித்துக்கொண்டான். விடையை ஒரு கோடு போட்ட தாளில் எழுதினான். நடுவில் அறுபத்து மூன்றாவது கேள்வியில், ஒரு விவசாயி போன் செய்து மோட்டார் ஓடவில்லை என்றார். இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்றான். அத்தனை நாளில் கூப்பிட்ட வேலையைத் தள்ளிப்போட்டது அன்றுதான். தெரியாத கேள்விகளை விட்டுவிட்டு மேலே போனான், கடைசியில் திரும்பி வந்தான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. மீதி நேரத்தில், பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவனைப் போல, எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தான்.

விடைப் பட்டியல் இணையதளத்தில் வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. பாகூரில் செல்வகுமாரிக்கு அவன் கதை தெரியும். அதனால் பஸ் ஏறி வில்லியனூர் போனான். கோயில் தேரடிக்குப் பக்கத்தில் அவனைத் தெரியாத ஒரு நெட் சென்டர் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் பட்டியலைத் திறந்து கொடுத்தாள். அவன் கோடு போட்ட தாளை மேசையில் விரித்து, ஒவ்வொன்றாக டிக் போட்டான். ஒரு தடவை எண்ணினான். பிறகு பத்துப் பத்தாக எண்ணினான்.

"எவ்ளோ சார் வருது?" என்றாள் அந்தப் பெண். காலையிலிருந்து எல்லோரும் அதற்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"எண்பத்தி நாலு."

"எண்பத்தி நாலா? காலைலேர்ந்து அம்பத்தி ஒம்போதுக்கு மேல ஒருத்தரும் சொல்லல சார். வேல உறுதி. உங்களுக்கா?"

"தெரிஞ்சவருக்கு."

"விடாதீங்க, பிரியாணி கேளுங்க. இனிமே அவருக்கு இன்னா கவல."

"கேக்கறேன்," என்றான்.

பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பிரிட்டோவின் அழைப்பு வந்தது.

"பாத்தியாடா? என் விடைத்தாள் காப்பிய வெச்சிப் போட்டேன், நாப்பத்தேழு. இதுக்கு தண்ணி புடிக்கற வேலகூடக் கெடைக்காது." பின்னால் ஏணியை இழுக்கிற சத்தம் வந்தது. "நீ அந்தப் பேப்பரப் போட்டுப் பாத்தியா?"

எதிரே ஒரு தனியார் பஸ் ஆள் பிடிக்க நின்று, கண்டக்டர் பாகூர் பாகூர் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"இல்லடா," என்றான் புகழ்வேந்தன். "எங்கியோ வெச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு. போடாத," என்றான் பிரிட்டோ. "கேளு. அரியாங்குப்பம் பக்கத்துல ஒரு மாடி வூடு. சுண்ணாம்பு சொரண்டற வேல. ஒரு ஆள் கொறயுது, பதினஞ்சு நாளு வரும். வர்றியா? உன்னக் கூப்புட எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"எத்தன மணிக்கு?"

"ஏழுக்கெல்லாம் அங்க இருக்கணும்."

"வர்றேன்."

"பழைய சட்டையாப் பாத்துப் போட்டுக்கினு வா. கறை போவாது," என்றான் பிரிட்டோ.